நிழற்குடை வாரியத்துக் கண்ணாடி

மாநகர நிழற்குடை வாரியத்தின் வேலை, பேருந்து நிறுத்தங்களில் நிழற்குடை கட்டுவது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபட்டதில்லை. உள்ளே ஓர் இயக்குநர் இருந்தார். துணை இயக்குநர்கள், கணக்கு அலுவலர், சட்ட அலுவலர், மக்கள் தொடர்பு அலுவலர் என்று ஒரு பெரிய குடும்பமே இருந்தது. அவரவருக்குக் கார், காருக்கு ஷெட். ஷெட்டுகளை நன்றாகவே கட்டியிருந்தார்கள். சந்து முனையில் இருந்த பேருந்து நிறுத்தத்தில் மட்டும் ஜனங்கள் வெயிலில் நின்றார்கள்.

சூடாமணிக்கு அங்கே மனுப் பிரிவில் உதவியாளர் உத்தியோகம். மேற்கு மாம்பலத்திலிருந்து சுரங்கப்பாதை வழியாக நடந்தே வந்துவிடுவாள். நிழற்குடை கேட்டு வரும் மனுவைப் படிப்பாள். இடத்தைப் பார்த்துவிட்டு வந்த பொறியாளரின் குறிப்பைச் சேர்ப்பாள். உத்தரவைக் கம்ப்யூட்டரில் தமிழில் அடித்து, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு மேலே அனுப்புவாள். மேலே போனவை மேலேயே இருந்தன. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, கோப்பு மேலே இருக்கிறது. மூன்றும் இயற்கை என்றுதான் நினைத்திருந்தாள், ஹாஜிரா பீ வரும்வரை.

ஹாஜிரா பீ மாம்பலத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. பள்ளி விட்டதும் கே.கே. நகர்ப் பக்கம் போகிற வாண்டுகளைப் பேருந்தில் ஏற்றி வீட்டில் விடுவது அவள் பொறுப்பு. பேருந்து நினைத்தபோது வரும். அதுவரை உச்சி வெயிலில் வாண்டுகளோடு நிற்க வேண்டும். மனு கொடுத்துவிட்டுப் போனவள் மற்றவர்களைப் போல மறந்து தொலைக்கவில்லை. வாராவாரம் வந்து நின்றாள்.

"அம்மா, நம்ம குடை இன்னா ஆச்சு?"

"மேல போயிருக்கு பீ."

"மேல போய்க்கினே கீதே, கீய எப்பம்மா வரும்? நேத்து ஒரு கொயந்த மயக்கம் போட்டு எம்மேலயே சாஞ்சிடுச்சு. என் முந்தானியத்தான் அத்தினி தலைக்கும் இய்த்து இய்த்துப் போட்டுக்கினு நிக்கிறேன். முந்தானி இன்னா பந்தலாம்மா?"

சூடாமணி அன்றைக்கு அந்த உத்தரவைத் திரும்பவும் அடித்து, 'மிக அவசரம்' என்று தலைப்பில் சேர்த்து, மேலே அனுப்பினாள். அதற்கு முன் போன நான்கு 'அவசரம்'களுக்கும் அது துணையாகப் போய்ச் சேர்ந்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் கோடையில் வாரியத்துக்கு ஸ்விட்ச் வந்தது.

அதுவரை கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துவந்தது ஹப் என்கிற பெட்டி. ஒருவர் ஏதாவது அனுப்பினால் அது எல்லோருடைய கம்ப்யூட்டர் கதவையும் போய்த் தட்டும். உரியவர் எடுத்துக்கொள்வார், மற்றவர் விட்டுவிடுவார். ஸ்விட்ச் அப்படி இல்லை. யாருக்கு வந்ததோ அவர் கதவை மட்டும் தட்டும் நாகரிகம் அதற்கு இருந்தது. எல்லா அலுவலகங்களையும் நவீனமாக்க வேண்டும் என்று அரசாணை வந்திருந்ததால் வாங்கிவிட்டார்கள். பியூன் வடிவேலு அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இத்தினி பெரிய சுவிச்சுக்கு லைட்டு எங்க சார் எரியும்?" என்று கேட்டான். வாரியத்தில் அதைப் பற்றிக் கேட்கப்பட்ட முதல் கேள்வியும் அதுதான், ஓரளவு அர்த்தமுள்ள கேள்வியும் அதுதான்.

ஸ்விட்சைக் கொண்டுவந்து மாட்டியவன் வெள்ளைத்துரை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். அண்ணன்மார் உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்க, இவன் மட்டும் வழி தப்பிக் கம்ப்யூட்டர் வியாபாரத்துக்கு வந்திருந்தான். மேற்சொன்ன நாகரிகத்தை அவன் இயக்குநர் வெங்கடரமணனிடம் பெருமையோடு விளக்கினான். கேட்கக் கேட்க இயக்குநரின் முகம் சுருங்கியது.

"அப்படின்னா ஒருத்தருக்குப் போறது இன்னொருத்தருக்குத் தெரியாது?"

"தெரியவே தெரியாது சார்!"

"எனக்கும் தெரியாது?"

வெள்ளைத்துரைக்கு அப்போதுதான் தப்பான இடத்தில் கால் வைத்துவிட்டது உறைத்தது. விற்ற சரக்கைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் அவசர அவசரமாகச் சொன்னான்: "அதுக்கும் ஒரு வசதி இருக்கு சார். கண்ணாடின்னு பேரு. போர்ட்டுன்னா கேபிள் செருகுற எடம். மத்த போர்ட்டுல வாறதையும் போறதையும் அப்படியே நகல் எடுத்து ஒரு போர்ட்டுக்கு அனுப்பும். அங்க ஒரு கம்ப்யூட்டர வச்சா எல்லாம் தெரியும்."

"நகலா?" என்றார் இயக்குநர்.

அரசு அலுவலகத்தில் நகலுக்கு இருக்கும் மரியாதை அசலுக்குக் கிடையாது. அசல் வேலை செய்கிறவனுக்குப் போகும்; நகல் பெரியவர்களுக்குப் போகும். இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"ஆனா ஒண்ணு சார்," என்றான் வெள்ளைத்துரை. ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன், சாயம் போகிற துணியைச் சொல்லித்தான் விற்பான். "கண்ணாடி போட்ட போர்ட்டு பாக்க மட்டுந்தான். அங்கேயிருந்து ஒண்ணும் வெளிய போகாது. பிரிண்ட் குடுக்க முடியாது, சர்வர்ல ஒரு ஃபைலத் தொறக்க முடியாது."

"அதாவது, அந்தக் கம்ப்யூட்டர்ல உட்கார்றவரால வேலையே செய்ய முடியாது?"

"முடியாது சார். அதான் முன்னாலயே சொல்லிப்புடுதேன்."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜன்னல் வழியாகத் தூரத்தில் எதையோ பார்த்தார். "பொறுப்புன்னா தியாகம் இருக்கத்தான் செய்யும், வெள்ளைத்துரை," என்றார். "என் போர்ட்ல மாட்டு."

கண்ணாடித் தொடக்க விழா ராகுகாலம் தள்ளி நடந்தது. நேரம் குறித்துக் கொடுத்தவர் துணை இயக்குநர் வேம்பு. மயிலாப்பூர்க்காரர், அலுவலகத்தில் எதைத் தொடங்குவதற்கும் நல்ல நேரம் பார்த்துச் சொல்வார். நல்ல நேரம் வராததால் தொடங்காமல் இருந்தவை அவர் மேஜையில் ஓர் அடுக்கு. ஸ்விட்சுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, பக்கத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டினார்கள். பிறகு இயக்குநர் பேசினார்.

"இதுவரை இந்த வாரியத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறேன். இன்றுமுதல் தெரியும். தெரிந்துகொண்டு என்ன செய்வது என்பதைப் பிறகு கூடி முடிவு செய்வோம். ஒரு நிர்வாகியின் முதல் கடமை பார்ப்பது. இரண்டாவது கடமை, தான் பார்த்துக்கொண்டிருப்பதை மற்றவர்களுக்குத் தெரியவைப்பது. மூன்றாவதாக ஒரு கடமை இருப்பதாக என் முப்பது வருட அனுபவத்தில் நான் அறியவில்லை."

பலத்த கைதட்டல். சூடாமணியும் தட்டினாள். சுண்டல் நன்றாக இருந்தது.

மறுவாரமே துணை இயக்குநர்கள் அறையில் புகைச்சல் கிளம்பியது. இயக்குநருக்குக் கண்ணாடி இருக்கிறது, நமக்கு இல்லை என்றால் நாம் பார்க்கிற சாதியா, பார்க்கப்படுகிற சாதியா? வேம்பு நேராகப் போய்க் கேட்டார்.

"நானும் இருபத்தஞ்சு வருஷமா குனிஞ்ச தலை நிமிராம இருந்துண்டிருக்கேன் சார். என்னையும் அந்த மனுப் பிரிவு சூடாமணியையும் ஒரே தராசுல வெச்சுப் பாத்தா எப்படி? ஆத்துல கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

நியாயம்தான் என்று பட்டது இயக்குநருக்கு. வெள்ளைத்துரையை வரவழைத்தார்கள். இந்த ஸ்விட்சில் ஒரே ஒரு கண்ணாடி போர்ட்தான் உண்டு என்று அவன் கையை விரித்தான். பிறகு தலையைச் சொறிந்தபடி ஒரு வழியும் சொன்னான். தூக்கி எறிந்த பழைய ஹப்பை எடுத்துக் கண்ணாடி போர்ட்டில் செருகினால், ஹப்பில் எத்தனை பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் நகல் போகும். ஹப்புக்குத்தான் நாகரிகம் கிடையாதே.

வடிவேலு அந்த ஹப்பின்மேல் டீ கிளாஸ்களைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தான். கிளாஸ்களை அகற்றித் துடைத்துக் கொண்டுவந்தான். முதலில் துணை இயக்குநர்கள் ஹப்புக்குப் போனார்கள். அடுத்து கணக்கு அலுவலர், "நான் மட்டும் என்ன இளக்காரமா?" என்று போனார். சட்ட அலுவலர் தாம் பார்க்கப்படுவது சட்டப்படி செல்லாது என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். மக்கள் தொடர்பு அலுவலர், மக்களோடு தொடர்புகொள்வதைவிட அவர்களைப் பார்ப்பது சிறந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர்களுக்கெல்லாம் வெள்ளைத்துரை முன்பு சொன்னபடியே ஆயிற்று. பிரிண்ட் போகவில்லை, ஃபைல் திறக்கவில்லை. ஆகவே அவர்கள் பார்த்துவந்த வேலைகள், 'தற்காலிக ஏற்பாடாக' என்ற குறிப்போடு ஒவ்வொன்றாக இறங்கிவந்தன. இறங்கி வந்த இடம் மனுப் பிரிவு. தட்டச்சுப் பிரிவுப் பெண்களையும் உயர் அலுவலர்களுக்குத் திரை பார்க்கத் துணையாக அழைத்துக்கொண்டபின், அந்த மூன்று மாடியில் வேலை செய்கிற போர்ட் ஒன்றே ஒன்று மிஞ்சியது.

"சார், ஒரு சந்தேகம்," என்றான் வெள்ளைத்துரை, ஒரு நாள் பராமரிப்புக்கு வந்தபோது. "பாக்குற ஆளு நெறைய இருக்கீங்க. பாக்கறதுக்கு அந்தம்மா ஒருத்தர்தான் இருக்காங்க. இது சரியா வருமா?"

"கவனம் சிதறாது," என்றார் இயக்குநர்.

சூடாமணி ஆடிட் பதிலும் அடித்தாள், வழக்கு வாய்தாவுக்கு மனுவும் அடித்தாள், இயக்குநரின் கார் டயர் மாற்றக் கோரிக்கையும் அடித்தாள். நடுவில் நிழற்குடை உத்தரவுகளை விடாமல் அடித்தாள், ஹாஜிரா பீக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால். வீட்டுக்குப் போனால் விரல் நுனிகள் சப்பாத்தி மாவைத் தொட்டாலே எரிந்தன. அவள் ஒரு விசையைத் தட்டினால் மூன்று மாடிகளிலும் அத்தனை திரைகளில் வரிகள் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்த் திரும்பினபோது வடிவேலு சொன்னான்: "எங்க போனீங்க மேடம்? மேல அல்லாரும் இன்னாவோ ஏதோன்னு எழுந்து நின்னுட்டாங்கோ."

அப்படியிருக்கையில்தான் வேம்பு ஒரு சதியைக் கண்டுபிடித்தார்.

அவரை இதற்குள் 'சிறப்பு அலுவலர் (கண்ணாடி)' என்று நியமித்திருந்தார்கள். திரையில் ஓடுவது எண்களும் எழுத்துகளும் கலந்த குப்பை. யாருக்கும் எதுவும் புரிந்ததில்லை. அதை யாரும் வெளியே சொன்னதுமில்லை. வேம்பு மட்டும் விடாமல் பார்த்து, ஒரு சொல் அடிக்கடி வருவதைக் குறித்துக்கொண்டார். அது இங்கிலீஷும் இல்லை, வேறெந்த பாஷையும் இல்லை. epow;Fil என்று இருந்தது. சூடாமணிக்குக் குறிப்பாணை வந்தது: 'தாங்கள் epow;Fil என்னும் சங்கேதச் சொல்லை அலுவலக நேரத்தில் இடைவிடாது அனுப்பிவருவது உயர் அலுவலர்களின் கவனத்துக்கு வந்துள்ளது. அச்சொல் எந்த நிறுவனத்தை அல்லது எந்த நாட்டைக் குறிக்கிறது? தங்கள்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

சூடாமணி அப்படி ஒரு சொல்லைத் தன் வாழ்நாளில் அடித்ததில்லை என்று பிள்ளையார்மேல் சத்தியம் செய்யவே தயாராக இருந்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மாதத் தவணையில் வாங்கிய ஃபிரிட்ஜைப் பார்த்தபோதெல்லாம் அழுகை வந்தது.

விசாரணையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள்.

"எத்தனை நாளா நடக்கறது இது?" என்று வேம்பு ஆரம்பித்தார். "Fil-ங்கறது யாரு? கம்பெனியா, ஆளா?"

"எனக்குத் தெரியாது சார். நான் தமிழ்லதான் சார் அடிக்கிறேன். இங்கிலீஷே அடிக்கலை."

"அப்ப நான் பாத்துண்டிருக்கறது பொய்யா?"

நிபுணர் சாட்சியாக வெள்ளைத்துரையை அழைத்திருந்தார்கள். அவன் திரையைப் பார்த்தான். சூடாமணியைப் பார்த்தான். "உள்ளுக்குள்ள போறதெல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான் சார். மேல தமிழ் ஃபாண்ட் போட்டாத்தான் தமிழாத் தெரியும்," என்றான். அந்தச் சொல்லை மட்டும் வேறொரு கம்ப்யூட்டரில் அடித்து, தமிழ் ஃபாண்ட்டுக்கு மாற்றிக் காட்டினான்.

'நிழற்குடை' என்று இருந்தது.

நிழற்குடை வாரியத்தின் உயர் அலுவலர்கள் அத்தனை பேரும் அந்தச் சொல்லை முதன்முறையாகப் பார்ப்பவர்கள்போலப் பார்த்தார்கள். கடைசியில் இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"விஷயம் நாம நினைச்சதைவிடத் தீவிரமா இருக்கு. இத்தனை அலுவலர்கள் இருக்கிற இடத்தில் ஒரே ஒருவர், யாருக்கும் தெரியாமல், திரும்பத் திரும்ப நிழற்குடையைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறார். அப்படியானால் வாரியத்தின் மற்ற பணிகள் என்ன ஆவது? சூடாமணி, இந்த ஒருமுறை எச்சரிக்கையோடு விடுகிறோம். இனிமேல் அந்தச் சொல்லை அளவோடு பயன்படுத்துங்கள்."

"சரிங்க சார்," என்றாள் சூடாமணி. வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

அந்த வாரக் கடைசியில் அவளுக்கு 'மெட்ராஸ் ஐ' வந்தது. ஊர் முழுக்க அப்போது கண் சிவந்து கிடந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை, லீவு சொல்லியனுப்பினாள்.

வாரியம் ஸ்தம்பித்தது. காலையிலிருந்து திரைகளில் ஒன்றும் ஓடவில்லை. எப்போதாவது ஒரு வரி துடிக்கும், எல்லோரும் நிமிர்வார்கள், அது சர்வர் தனக்குத்தானே முனகிக்கொண்டதாக இருக்கும். பார்க்க எதுவும் இல்லாமல் பார்ப்பது எவ்வளவு கஷ்டமான உத்தியோகம் என்று அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. கணக்கு அலுவலருக்குத் தலைவலி வந்தது. மறுநாள் வடிவேலுவைச் சைக்கிளில் மேற்கு மாம்பலத்துக்கு அனுப்பினார்கள்.

"மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போனா நல்லாருக்கும். சும்மா எத்தையாவது தட்டிக்கினு இருந்தா போதுமாம். பெரியவர் வெறும் டிவியப் பாத்துக்கினு குந்திக்கிறாரு, பாக்கவே பாவமா கீது."

"கண்ணப் பாரு வடிவேலு, எப்படி செவந்திருக்கு! பாத்தாலே ஒட்டிக்கும்."

"பாக்கறதுக்குத்தானே மேடம் கூப்புடறாங்கோ."

கணவரின் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். திரைகளில் வரிகள் ஓட ஆரம்பித்தன. எல்லோருக்கும் உயிர் வந்தது. வேம்புவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. மெட்ராஸ் ஐ பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது மயிலாப்பூரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவளைத்தானே இப்போது எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? உடனே வெள்ளைத்துரைக்குப் போன் போட்டார்.

"ஏம்ப்பா, அந்தம்மாவுக்குக் கண்ணு நோவு. நேரா பாத்தா ஒட்டிக்கும், அது தெரியும். இந்தக் கண்ணாடி வழியா பாத்தா ஒட்டிக்குமோ?"

அன்று காலையிலிருந்து வெள்ளைத்துரைக்கு வாரியத்திலிருந்து வந்த ஏழாவது போன் அது.

"அதுக்கு நான் கேரண்டி குடுக்க முடியாது சார்," என்றான்.

அடுத்த அரை மணியில் அவசர உத்தரவு பிறந்தது. கண் நோய் நீங்கும்வரை மனுப் பிரிவின் போர்ட்டை யாரும் பார்க்கலாகாது. அவள் தொட்ட காகிதமும் மேலே வரலாகாது. அதுவரை மனுப் பிரிவுக் கோப்புகளில் உதவியாளரே 'இயக்குநருக்காக' என்று கையொப்பமிட்டு அனுப்பலாம். உத்தரவில் கையெழுத்துப் போட்ட கையோடு இயக்குநர் வீட்டுக்குப் போனார். மற்றவர்களும் ஹப்பிலிருந்து கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இறங்கிப் போனார்கள்.

சூடாமணி அந்த உத்தரவை இரண்டு முறை படித்தாள், ஒவ்வொரு கண்ணால் ஒருமுறை. பிறகு வடிவேலுவை அழைத்து, மேலே போய்த் தங்கிவிட்ட கோப்புகளைக் கீழே கொண்டுவரச் சொன்னாள். அவன் பல நடை நடந்தான்.

முதல் கோப்பு ஹாஜிரா பீயுடையது. பேனாவைத் திறந்தாள். வேலைக்கு வந்ததிலிருந்து வருகைப் பதிவேட்டில் தவிர எங்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. நாளைக்கு ஏன் போட்டாய் என்று கேட்டால்? கேட்கத்தான் கேட்பார்கள். போடாவிட்டாலும்தான் குறிப்பாணை வருகிறது. கண்ணிலிருந்து வழிந்த நீரைத் துடைத்துக்கொண்டு, 'இயக்குநருக்காக' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாள். மை காய்ந்தது. கூரை இடிந்து விழவில்லை. அடுத்ததை எடுத்தாள்.

கண் சரியாவதற்குள் அத்தனையும் போய்விட்டன. ஒப்பந்தக்காரர்களுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. ஒருவர் நேரில் வந்து, "நெசமாவே கட்டலாமாம்மா? பொறவு வந்து இடிக்கச் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டுக்கொண்டு போனார்.

நோய்க் காலம் முடிந்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு மாதமும் தள்ளி இயக்குநர் திரும்பி வந்த அன்று, சந்து முனையில் காரை நிறுத்தச் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் பச்சைக் கூரையும் சிமெண்டு பெஞ்சுமாக ஏதோ ஒன்று முளைத்திருந்தது. ஜனங்கள் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"யார் ஆக்கிரமிச்சிருக்காங்க?" என்று டிரைவரைக் கேட்டார்.

"நம்ம வாரியந்தான் சார். பேர் போட்டுக்கீது பாருங்க."

அன்று பிற்பகலே விசாரணையைக் கூட்டி அவர் பேசினார். "மாம்பலத்தில் கட்டியிருக்கிறார்கள். அடையாறில் கட்டியிருக்கிறார்கள். திருவான்மியூர்வரை போயிருக்கிறது. நாம் இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நிழற்குடைகூட எழும்பவில்லை. இது ஆவணப்பூர்வமான உண்மை. நாம் கண்ணை எடுத்த மறுகணம் இப்படி நடந்திருக்கிறது! கண்காணிப்பு எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?"

"வேண்டாம்," என்றார் சட்ட அலுவலர். சூடாமணியைத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்வதென்று பேச்சு. உத்தரவை அடிக்க அவளைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவள் அடித்தாள். விரல் வரவில்லை, தன் பெயரிலேயே இரண்டு பிழை விட்டாள். அடித்ததைப் பிரிண்ட் கொடுக்கப் போகும்போது மேலே போன் அடித்தது.

அமைச்சர் பேசினார். திருவான்மியூரில் அவர் காரை ஜனங்கள் மறித்திருக்கிறார்கள். கல்லெறிய வருகிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றினாராம். பார்த்தால் கையில் மாலை. நிழற்குடைக்கு நன்றி சொன்னார்களாம். அவருக்கு நடந்தது புரியவில்லை என்றாலும், பிடித்திருந்தது.

"எல்லாம் தொடர்ந்த கண்காணிப்பின் விளைவு சார்," என்றார் இயக்குநர்.

மாலைக்குள் உத்தரவு மாறியது. வாரியத்தின் சாதனைக்குக் காரணமான ஊழியருக்குப் பதவி உயர்வு. நீக்க உத்தரவில் மேலிருந்த இரண்டு வரிகளை மட்டும் திருத்தினால் போதுமானதாக இருந்தது. சூடாமணி இனிக் கண்காணிப்பாளர்.

கண்காணிப்பாளருக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்த தனி அறை உண்டு, சுழலும் நாற்காலி உண்டு, ஹப்பில் ஓர் இடமும் உண்டு. வீட்டில் பாயசம் வைத்தார்கள். கணவர் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்தார். அவள் மனுப் பிரிவு மேஜையைத் துடைத்துவிட்டு அறைக்குப் போய் உட்கார்ந்து, திரையைப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. அங்கே உட்கார்ந்திருந்தவள் இப்போது இங்கே இருந்தாள். அந்த இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை. மூன்று மாடிகளிலும் எல்லோரும் பிடுங்கிய கேபிளைத் திரும்பச் செருகிக்கொண்டு ஒரு காலி நாற்காலியின் போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மாத அறிக்கையில் வேம்பு, 'முறைகேடு எதுவும் காணப்படவில்லை. வாரியத்தின் வரலாற்றிலேயே ஒழுங்கான மாதம்' என்று எழுதி எல்லோருக்கும் நகல் அனுப்பினார். கையால் எழுதித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

சூடாமணிக்கு முதல் வாரம் விரல்களுக்கு இதமாக இருந்தது. இரண்டாவது வாரம் மத்தியானங்களில் தூக்கம் வந்தது. மூன்றாவது வாரம், வெறும் திரையை எந்தக் கோணத்தில் பார்த்தால் கவனமாகப் பார்ப்பதுபோல் இருக்கும் என்பது பிடிபட்டுவிட்டது. அது பிடிபட்டதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஹாஜிரா பீ வந்தாள். இன்னொரு ஆயாவையும் கூட்டிவந்திருந்தாள். கமர் ஜஹான் என்று பெயர், கோடம்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. மனுப் பிரிவு மேஜை காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைத்து, பீ கண்ணாடித் தடுப்பைத் தட்டினாள்.

"அம்மா, ஒனக்கு ப்ரமோசனாமே! அல்லா நல்லா வெக்கட்டும். இவ பள்ளிகூடத்தாண்ட குடையே இல்லம்மா, பசங்க வெயில்ல வாடுது. மனு எய்தியாந்துகீறா. இத்த யாராண்ட குடுக்கறது?"

சூடாமணி மனுவை வாங்கிப் படித்தாள். தன்னுடைய திரையில் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரியும். மேலே அனுப்பலாம். மேலே என்பது இப்போது அவளும் உள்ளிட்ட இடம்.

"ரெண்டு பேரும் அந்த பெஞ்சுல உக்காருங்க," என்றாள்.

எழுந்தாள். கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து, ஹப்புக்குப் போகும் கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினாள். சுழலும் நாற்காலியை அங்கேயே விட்டுவிட்டு, பழைய மர நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மனுப் பிரிவுக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். மேஜைமேல் தூசி படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, முதல் வரியை அடித்தாள்.

மேல்மாடியில் நாற்காலிகள் தடதடவென்று நகர்ந்தன. மாடிப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தபடி, கண்ணில் நீர் மல்க, வேம்பு கத்தினார்:

"சார், சீக்கிரம் வாங்கோ! ஓட ஆரம்பிச்சுடுத்து!"